கடல் வழி வந்த அலமாரி

நாகராசு இறந்த முப்பத்தெட்டாம் நாள் காலை, திருமயத்தை அடுத்த அந்தச் சிற்றூரின் சிமெண்டு ரோட்டில் கார்கோ வண்டி வந்து நின்றது. டிரைவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "வாங்குறவரு பேரு நாகராசுன்னு போட்டிருக்கு. கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்றான்.

நாகராசு தன் பேருக்கே ஏன் அனுப்பினான் என்று அவன் மனைவி சத்யாவுக்கு விளங்கவில்லை. "அவரு இல்ல. குடுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றாள்.

ஷார்ஜாவில் வீடு காலி செய்துகொடுக்கும் கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன் நாகராசு. ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, தூக்கிப் போக முடியாமல் அவனிடம் கொடுத்துவிட்டுப் போன அலமாரிதான் வண்டியில் வந்திருந்தது. கட்டில் நீளம், இடுப்பு உயரம். கதவில் பூவேலை, கொடிவேலை எதுவும் கிடையாது. கருத்த மரத்தில் கனத்த சதுரக் கட்டைகள், ஒன்று புடைத்தும் ஒன்று உள்வாங்கியும், உடைத்த கல்லை அடுக்கினாற்போல இருந்தன.

"அம்பது வருசத்துக்கு முந்தின மாடல், சத்யா. மொரட்டுத்தனமா இருக்கணும்னே செஞ்சிருக்காங்க. இதுக்கு என்னமோ பேரு சொன்னாங்க, வாயில நொழையல" என்று, அனுப்புகிற அன்று வீடியோ காலில் தடவித் தடவிக் காட்டியிருந்தான்.

"மரக்கட்டைய அனுப்பத் தெரியுது. நீங்க வரத் தெரியலயா?" என்று அவள் எரிந்து விழுந்தாள்.

அவன் சிரித்தான். "வாரேன், வாரேன்."

நான்கு நாள் கழித்து, சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. உடல் விமானத்தில் வந்து சேர்ந்தது. அலமாரி அப்போது கடலில் இருந்தது.

வண்டி வந்த அன்று சத்யாவின் அண்ணன் குணசேகரனும் ஆவுடையார்கோவிலிலிருந்து வந்திருந்தான், அவளையும் மகள் காவ்யாவையும் அழைத்துப் போக. காவ்யாவுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் இடம்கூடக் கேட்டு வைத்திருந்தான்.

"இத உள்ள ஏத்த வேணாம்த்தா. பாக்குறப்பல்லாம் மனசு தாங்காது. யாருக்காச்சும் குடுத்துருவோம்" என்றான்.

"எறக்கட்டும்ணே."

வாசற்கதவைக் கழற்றி, ஆறு பேர் மூச்சுப் பிடித்துத்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். ஹாலில் பாதியை அது அடைத்துக்கொண்டது.

ஆட்கள் போனதும் சத்யா டேப்பைக் கிழித்தாள். முதல் இழுப்பறையில் கலர் பென்சில்கள், படம் வரையும் நோட்டுகள். காவ்யா சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டாள். அடுத்ததில் ஒரு சேலை, சென்ட்டு, தலைவலித் தைலம். மூன்றாவதை இழுத்தாள்.

அவனுடைய சட்டைகள். கைலி, ஸ்வெட்டர், சவர சாமான், தோல் செருப்பு. ஷார்ஜா ரூமில் தலைமாட்டுக்கு மேல் மாட்டியிருந்த கல்யாண போட்டோகூட இருந்தது.

அவனோடு ஒரே ரூமில் இருந்த கோபிநாத்துக்குப் போன் போட்டாள். "தம்பி, அவரு சட்டையெல்லாம் இதுல வந்திருக்கு. என்ன இது?"



"அக்கா... அண்ணன் மொத்தமா முடிச்சுட்டு ஊருக்கு வாரதா இருந்தாரு. டிக்கெட்டும் போட்டாச்சு. பாப்பா பொறந்தநாளுக்குச் சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கணும்னாரு. சாமான் வர்றப்ப நானே கையெழுத்துப் போட்டு எறக்குவேன்னு அவரு பேரையே எழுதினாரு. ரெண்டே ரெண்டு சட்டைய வச்சுக்கிட்டு மத்ததெல்லாம் அதுல போட்டு அனுப்பிட்டாரு. அந்த நேரத்துல இத எப்புடிக்கா ஒங்கள்ட்ட சொல்றது?"

சத்யா அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். சதுரக் கட்டைகள் முதுகில் குத்தின. காவ்யா வந்து மடியில் படுத்துக்கொண்டாள். குணசேகரன் வெளியே போய் நின்றான்.

சாயங்காலம், "கெளம்பலாமாத்தா?" என்று கேட்டான்.

"நான் வரலண்ணே. இந்த வீட்ல வந்து இருக்கணும்னுதான் எல்லாத்தையும் அனுப்பியிருக்காரு. போட்டுட்டு எங்கிட்டு வாரது?"

கழற்றிய கதவைக் குணசேகரன் மாட்டிக் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போனான்.

அடுத்த மாதம் சத்யா திருமயத்தில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஐப்பசி மழையில் மூன்றாவது இழுப்பறையிலிருந்து ஈர வாடை வந்தது. அவன் கையால் மடித்த மடிப்பு கலைந்துவிடுமே என்று சில நாள் தொடாமலிருந்தாள். வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனதைத் திடப்படுத்திக்கொண்டு சட்டைகளை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். காய்ந்ததும் அவனைப் போலவே மடித்துப் பார்த்தாள். வரவில்லை. தன் கைக்கு வந்தபடி மடித்து உள்ளே வைத்தாள்.