மஞ்சள் சட்டைக்காரன்

வீடியோவில் அவன் விழுந்து முடிப்பதே இல்லை. மண்மேட்டிலிருந்து வண்டி எழும்பும். கோணலாக இறங்கும். பின்னால் வந்த வண்டி அதன் மேல் ஏறும். மஞ்சள் சட்டை போட்ட உடம்பு கைகளை விரித்தபடி மேலே எறியப்படும். அடியிலிருந்து தீ கிளம்பும். அவன் தரையைத் தொடுவதற்குள் படம் நின்று எழுத்துகள் வரும்: ‘போன வருஷம் இவன். இந்த வருஷம் யாரு?’ பிறகு மறுபடியும் மண்மேடு.

அபிராமி அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி குமாரவேல் பின்னால் வந்து நின்றார்.

“சத்தத்தை வை கண்ணு. விசயமே அதுலதான் இருக்குது.”

வைத்தாள். குவாரியில் வெடி வைத்தது போல அறை அதிர்ந்தது. நிஜத்தில் அப்படி எதுவும் கேட்கவில்லை என்று அவளிடம் அண்ணன் சொல்லியிருந்தான். அடுப்பில் கேஸ் பற்றும்போது வருமே ஒரு சத்தம், அவ்வளவுதான். வெடிச்சத்தம் பிற்பாடு சேர்த்தது.

அந்த மஞ்சள் சட்டைக்காரன் அவளுடைய அண்ணன் தனுஷ்.

குமாரவேலுக்கு அனுப்பர்பாளையத்தில் பனியன் பிரிண்டிங் யூனிட். இயற்பியல் படித்துவிட்டு அபிராமி அங்கேதான் டிசைன் வேலையில் இருந்தாள். அவருக்கு மடத்துக்குளம் பக்கம் தென்னை பட்டுப்போன ஒரு தோட்டம் உண்டு. அதில் மண்ணைக் குவித்து, கூட்டாளிகளோடு சேர்ந்து வருஷா வருஷம் பைக் ரேஸ் நடத்துகிறார். இந்த வருஷம் ரேஸுக்கு டீ-சர்ட் போடுவதாக முடிவு. நெஞ்சு நிறைய அதே படம், அதே எழுத்து.

“வேற படம் போடலாங்களா சார்? ஜெயிச்சவரு கப்பு வாங்குற போட்டோ நல்லா இருக்குதுங்க.”

“போன வருஷம் ஜெயிச்சது யாரு கண்ணு?”

அவளுக்குத் தெரியவில்லை.

“எனக்கும் ஞாபகம் இல்ல. கப்பைக் கையில குடுத்தவனே நாந்தான்.” சிரித்தார். “நான் என்ன பண்ணட்டும், சொல்லு. ரேஸைப் பாக்க ஆயிரம் பேரு வரல. உங்கண்ணன் விழுந்ததை ஆறு லட்சம் பேரு பாத்துப்போட்டாங்க. அந்தத் தம்பிக்கும் இது ஒரு பேரு தானே? ரேஸ் அன்னிக்கு மேடையில ஏத்தி மாலை போடறேன்னு சொல்லியிருக்கேன்.”

கெட்ட மனிதர் இல்லை அவர். தனுஷ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்து பார்த்தவர். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று அபிராமி வராந்தாவில் நின்று தவித்தபோது, “தாராபுரம் ரோட்ல மணல் லாரி இடிச்சுப்போட்டுதுங்கம்மா” என்று முந்திக்கொண்டு சொன்னவரும் அவரே.

அந்தப் பொய்யை விட்டால் வேறு வழியும் இருக்கவில்லை. அப்பா தவசி பைக்கில் போய் பஸ்ஸுக்கு அடியில் மாட்டி இறந்தவர். தனுஷ் ரேஸுக்குப் போகிறான் என்று முதன்முதலில் காதில் விழுந்த அன்றைக்கே அம்மா கருத்தம்மா அவன் கையை இழுத்து அப்பாவின் போட்டோ மேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். “இன்னொரு தடவ போனேன்னு தெரிஞ்சுச்சு, ஒங்கப்பன் போன எடத்துக்கு நானும் போயிருவேன்” என்றாள். அவள் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. அப்பா இறந்த வாரத்தில் ஒருமுறை கிணற்றுமேட்டிலிருந்து அவளை இழுத்து வந்தவள் அபிராமி.

அதனால் இப்போது அம்மாவின் ஆத்திரம் முழுவதும் முகம் தெரியாத ஒரு லாரி டிரைவர் மேல். காலையில் காபித்தூள் குறைந்திருந்தால்கூட, “அந்த மணல் லாரிக்காரன் வெளங்குவானா” என்றுதான் ஆரம்பிப்பாள்.

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். வீடியோ அவளை நெருங்க வழியில்லை. டீ நேரத்தில் யாராவது போனில் பைக்கை உறுமவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் அவள் வேலை பார்ப்பது இதே யூனிட்டில், செக்கிங் டேபிளில். பிரிண்ட் ஆகி வரும் ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்தில் விரித்து, கறை உண்டா, கலர் விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே முகத்தைத் திருப்ப முடியாது. பார்ப்பதுதான் அவள் வேலை.

“சார், இந்த ஆர்டர் மட்டும் அம்மா டேபிளுக்குப் போகாம...”

“வேற டேபிள் ஏது கண்ணு? ஹோலிக்கு ஊருக்குப் போன வடக்கத்திப் பசங்க ஒருத்தனும் திரும்பல. ஓடறதே உங்கம்மா டேபிளும் ராமாத்தா டேபிளுந்தான்.” கொஞ்சம் யோசித்தார். “தலையில ஹெல்மெட் இருக்குதல்லோ. மூஞ்சி எங்க தெரியுது? போச்சாது உடு.”

முகம் தெரியாது. சட்டை தெரியும். அது ஏற்றுமதிக்குப் போகாமல் ஒதுக்கிய பீஸ். அம்மா வாங்கி வந்து, கழுத்துப்பட்டையைப் பிரித்து அவனுக்கென்று மறுபடி தைத்துக் கொடுத்தது. கைகளில் பச்சைப் பட்டை. விபத்தன்று அவன் போட்டுக்கொண்டு கிளம்பியதை அம்மா வாசலில் நின்று பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்ததும் வராததுமாக, “எங்க அந்த மஞ்சச் சட்ட?” என்று கேட்டாள். டாக்டர்கள் வெட்டி எறிந்துவிட்டார்கள் என்றதும், அதற்கும் சேர்த்து லாரிக்காரனைத் திட்டினாள்.

அபிராமி படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். துணியில் அச்சடிக்க ஒரு படத்தின் கலர்களைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். கலருக்கு ஒரு ஸ்கிரீன். மஞ்சள் ஸ்கிரீனில் தீயும் இருந்தது, சட்டையும் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, எது அண்ணன், எது தீ என்று விளிம்பு தெரியாமல் கிடந்தன. பெரிதாக்கி, ஓரம் ஓரமாகத் தடவி, அவனைத் தீயிலிருந்து பிரித்தெடுத்தாள். பச்சைப் பட்டையை அழித்தாள். எழுத்துக்கென்று வைத்திருந்த நீலத்தைச் சட்டைக்குக் கொடுத்தாள்.

முதல் சாம்பிளை அடித்துக் குமாரவேலின் மேசையில் விரித்தாள்.

“மஞ்சள் ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்குதுங்க சார். அதான் சட்டையை நீலமா மாத்தினேன்.”

அவர் பனியனைத் தூக்கிப் பிடித்தார். கறுப்புத் துணியில், நீல உடம்புக்குக் கீழே, தீ இப்போதுதான் பற்றியது போல எழுந்து நின்றது.

“அட சாமி!” என்றார். “இப்பத்தான் கண்ணு எரியுது! இதுக்குத்தான் படிச்ச புள்ளைங்க வேணுங்கறது.” உடனே போனை எடுத்தார். “ஏப்பா, நம்ம வீடியோவுல அந்தச் சட்டைய நீலமாக்க முடியுமா? மாத்து, மாத்து. அபிராமி பண்ணியிருக்கறதப் பாரு, அனுப்பறேன்.”

அம்மா கண்ணிலிருந்து மறைக்கத்தான் செய்தாள். ஊர் முழுக்கப் பார்க்கும்படி நன்றாகச் செய்துவிட்டாள்.

புது வீடியோ அன்று சாயங்காலமே வந்துவிட்டது. அவள் வீடு திரும்பியபோது தனுஷ் கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடுப்பெலும்பு கூடிவிட்டது; அதிக நேரம் நிற்க முடியாது. இடது விலாவில் தீப்பட்ட தோல் சுருங்கிக் கிடந்தது. பக்கத்தில் அவன் நூல் பிசிறு வெட்டுவதற்காக அம்மா கொண்டுவந்து போட்டிருந்த பனியன் மூட்டை பிரிக்கப்படாமல் இருந்தது.

“நீதான் மாத்துனியாமே?”

“அம்மா பாத்துரும்ணே.”

“ஆறு லட்சம் பேரு பாத்திருக்கான். ஒருத்தனுக்கும் என் பேரு தெரியாது. மஞ்சச் சட்ட, மஞ்சச் சட்டன்னு கமெண்ட்டு போடுறான். சரி, அதாவது நானா இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சா?”

“விழுந்ததுக்கு என்னண்ணே பேரு வேண்டிக்கிடக்கு?”

“வேற என்ன வச்சிருக்கேன்?” மூட்டையைக் காலால் தள்ளினான். “இதுவா? நான் அன்னைக்கு மூணாவதா போய்க்கிட்டிருந்தேன் அபி. அந்த மேட்ட மட்டும் தாண்டியிருந்தா ரெண்டாவது. அது எந்த வீடியோலயாவது வருதா?”

அவள் மூட்டையை மறுபடி கட்டிலோரம் இழுத்து வைத்தாள்.

“மேடைக்கு நான் போவேன். அதுக்கு முன்னால அம்மாட்ட நானே சொல்லிர்றேன். நாளைக்குச் சாயந்தரம். லாரிக்காரன், லாரிக்காரன்னு தெனமும் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு.”

“அப்பா போட்டோ மேல கைய வச்சியேண்ணே.”

“வச்சேன்” என்றான். போனைத் திருப்பிப் போட்டான். “தெரியும்ல. நீ ஒண்ணும் ஞாபகப்படுத்த வேண்டாம்.”

மறுநாள் மதியத்துக்கு மேல் பனியன்கள் செக்கிங்குக்கு வந்தன. கலர் சரிபார்க்கும் சாக்கில் அபிராமி டேபிள் அருகே போய் நின்றாள். அம்மா முதல் பீஸை விரித்தாள். ட்யூப்லைட்டுக்குக் கீழே அண்ணன் கை விரித்துக் கிடந்தான். அம்மாவின் கை அவன் மேல் போய், தீயின் விளிம்பைத் தடவி, ஓரத்தில் கலர் சிந்தியிருக்கிறதா என்று பார்த்தது.

“அடப் பாவமே” என்றாள் அம்மா. “யாரு பெத்த பிள்ளையோ.”

எதிர் டேபிளில் இருந்த ராமாத்தாள் எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க கருத்தம்மாக்கா, அதெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றதுங்க. நெசமா எரிஞ்சா எவனாச்சும் படம் புடிச்சுட்டு நிப்பானா? ஏங்கண்ணு அபிராமி, நீதானே பண்ணினே? நெசமா, டூப்பா?”

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“டூப்புங்கக்கா” என்றாள்.

“பாத்தீங்களா? நாஞ் சொன்னேன்ல? நீங்க ஒருத்தரு, சினிமால அழுதாலே எந்திரிச்சுப் போறவங்க.”

அம்மா சிரித்துவைத்தாள். பீஸை மடித்து அடுத்ததை விரித்தாள். அடுத்ததிலும் அவன் விழுந்துகொண்டிருந்தான். அதற்கடுத்ததிலும். சாயங்காலம் வரை ஒவ்வொரு முறையும் அவனை விரித்து, தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறான் என்று மடித்து அடுக்கினாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அபிராமிக்கு வேறு டிசைன் கொடுத்திருந்தார்கள். எலியும் பூனையும் போட்ட குழந்தைச் சட்டை. அவள் அதில் ஒரு கோடுகூட இழுக்கவில்லை.

வீட்டுக்குச் சேர்ந்துதான் நடந்தார்கள். பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் குடங்களை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அன்று லாரிக்காரனைக்கூடத் திட்டவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது.

தனுஷ் தலை வாரி, முகம் கழுவி, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் முடிவோடு இருக்கிறான் என்பது அபிராமிக்குப் பார்த்ததும் தெரிந்தது. அவள் கதவை ஒட்டியே நின்றுவிட்டாள். உள்ளே வர முடியவில்லை. வெளியே போகவும் முடியவில்லை.

“எம்மா, இப்பிடி உக்காரு. ஒண்ணு சொல்லணும்.”

“இரு. இதப் பாரு மொதல்ல.” அம்மா பையிலிருந்து ஒரு கறுப்புப் பனியனை எடுத்து அவன் மடியில் விரித்தாள். கலர் கொஞ்சம் விலகியதால் ஒதுக்கிய பீஸ். “இன்னிக்கு முச்சூடும் இவந்தான் டேபிள்ல. அபி டூப்புங்கிறா. எனக்கு என்னமோ அப்பிடித் தெரியலய்யா. கையப் பாரு. புடிக்க ஒண்ணும் இல்லாதவன் கை இது. நடிக்கிறவன் இப்பிடி விரிக்க மாட்டான்.”

தனுஷ் படத்தைப் பார்த்தான். நீலச் சட்டைக்காரன் அவனைப் பாராமல் விழுந்துகொண்டிருந்தான்.

“இவன் ஆத்தா இதப் பாத்தா என்னத்துக்கு ஆவா?” என்றாள் அம்மா. “ஓடிப்போயி அணைக்காம படம் புடிச்சிருக்கான். அதச் சட்டையில வேற போட்டு விக்கிறான்.”

“எம்மா” என்றான். “ஒம் பிள்ளையா இருந்தா?”

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கேள்வியே புரியாதவள் மாதிரி பார்த்தாள்.

“எம் பிள்ள எதுக்கு அங்க போறான்? எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கான்ல.” அவன் தலைமுடியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டாள். “நீ ரோட்டுல சும்மா போனவன். தேடிப்போயா விழுந்த? ஆமா, என்னமோ சொல்லணும்னியே?”

கதவருகே அபிராமி காத்திருந்தாள். அவன் சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். சொல்லாவிட்டாலும் என்ன நடக்கும் என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தெரிந்தது. ரேஸ் அன்று மேடையில் யாரும் ஏற மாட்டார்கள். அந்த வீடியோ மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

“ஒண்ணுமில்லம்மா” என்றான் தனுஷ். “பிசிறு வெட்டக் கத்திரி மொட்டையாயிருச்சு. வேற வேணும்.”

“இதுக்கா இம்புட்டு? நாளைக்கி வாங்கியாறேன்.” அம்மா பனியனை உதறி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். “துணி நல்ல துணி, வீணாக்க வேண்டாம். இப்பிடித் திருப்பிப் போட்டுக்க. வீட்டுக்குள்ளதான, யாரு பாக்கப் போறா.”

தனுஷ் அவளையும் பனியனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போட்டிருந்ததைக் கழற்றினான். கையைத் தூக்கியபோது விலாவில் தோல் இழுத்து முகம் சுளித்தது. அம்மா தலைவழியாக மாட்டிவிட்டாள். வெளியிலிருந்து பார்க்க வெறும் கறுப்புப் பனியன். மார்ச் வெக்கையில் உள்ளே இருந்த பிரிண்ட் வியர்வையோடு அவன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. துணியை ஒருமுறை இழுத்து விலக்கினான். விட்டதும் மறுபடி ஒட்டியது.

அம்மா இரண்டடி பின்னால் போய், தோள் தையலையும் கீழ் மடிப்பையும் டேபிளில் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“அளவெடுத்த மாதிரி இருக்குடா” என்றாள்.