வெள்ளையம்மாளின் நாலாம் அடி

"இது பாட்டே இல்லப்பா, பாதியில நின்னுபோன பஸ்ஸு," என்று சொல்லித் தமிழாசிரியர் வளவன் சிவப்புப் பேனாவைத் திறந்தார். செங்கம் சாலையில் என் அச்சகத்து மேசைமேல் வெள்ளையம்மாளின் நோட்டு கிடந்தது. ஞாபகம் தேய்ந்துகொண்டிருந்த கடைசி வருஷத்தில், மலையையே சாமியாகப் பார்த்து அந்த அம்மாள் எழுதிய ஐந்து பாட்டு. நாளை அவருடைய முதலாண்டு நினைவு நாள். மகள் அருணாதேவிக்கு அதைச் சின்னப் புத்தகமாக்கிக் கொடுக்க ஆசை.

பாட்டுக்கு நாலு அடி. முதல் பாட்டு "காடும் வீடும் சேயும் தா" என்று முடிந்தது. இரண்டாவது, "வீடும் சேயும் தா". மூன்றாவது, "சேயும் தா". நான்காவதில் வெறும் "தா". ஐந்தாவதில் நாலாம் அடியே இல்லை.

"அஞ்சிலயும் அந்த முழு அடியையே போட்டுடலாம். அளவு சரியாயிடும்," என்றார் வளவன்.

"போட்டுடுங்க சார். ஒவ்வொரு வார்த்தையா மறந்துட்டாங்க. கடைசில என்னையும்," என்றாள் அருணாதேவி. "ஊரு சிரிக்காம இருந்தா போதும்."

நான் மண்டி வியாபாரிகள் நடுவில் வளர்ந்தவன். எனக்குத் தெரிந்த சந்தம் ஏலம் கூவுகிற குரல்தான். ஆனால் பழக்கதோஷம், சரக்கைப் புரட்டிப் பார்க்காமல் தலையாட்டுவதில்லை. கடைசிப் பாட்டை வாய்விட்டுப் படித்தேன்.

கல்லாய் நின்றாய் கண்டேன் நான்
சொல்லாய் வந்தேன் தீர்ந்தேன் நான்
எல்லாம் போன பின்னும் நீ

"சார், கல்லாய், சொல்லாய், எல்லாம். எதுகை எங்கனா தப்புதா?"

"தப்பல."

"சீரு?"

நோட்டு முழுக்கப் புரட்டினார். "மொத மூணு அடியில எங்கயும் பிசகல."

"மூட்டைய எலி கடிச்சா ஒரே மூலையிலயா கடிக்கும்? அதுவும் அளந்து அளந்து?"

வேடிக்கையாகச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. இது மறதியில்லை, மலையோடு நடந்த பேரம். பேரத்தில் மனிதன் வேண்டாததை முதலில் விடுவான். எதற்காக வந்தானோ அதைக் கடைசியில். ஆனால் கேட்பதற்கே ஒன்றுமில்லாமல் முடிகிற பேரத்தை நான் எந்த மண்டியிலும் பார்த்ததில்லை.

"மொதல்ல காடு வேணாம்னு விட்டாங்க அருணா. அப்புறம் வீடு. உன்னைய விடத்தான் அவங்களுக்கு மனசு வரல."

"கடைசில விட்டாங்க இல்ல, அண்ணா?"

அவள் நோட்டை வாங்கித் தானே படித்தாள். மூன்றாம் அடி முடிந்ததும் நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தாள். சீர் எண்ணிக்கொண்டு வந்த வளவனின் விரல் மட்டும் நிற்காமல், சொல்லே இல்லாத அந்த அடிக்கும் மேசைமேல் நாலு முறை தட்டியது.