சிரியம் பார்க்க வந்தவன்

சுரேந்திரனைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்திலேயே ரெபேக்காவுக்கு அவனைப் பிடிக்காமல் போய்விட்டது. யாங்கோன் நகரத்துக் கியாக்டடாவில், விடுதி வாசலில், தோளில் ஒரு பையோடு நின்றவன், "என்னக்கா, டூரிஸ்ட்டே இல்லாம ஊர் காலியாக் கிடக்கு? எனக்கு செம லக்!" என்று சிரித்தான். ஏன் காலியாகக் கிடக்கிறது என்று அவன் கேட்கவில்லை. பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து இங்கே யாரும் சுற்றிப் பார்க்க வருவதில்லை.

அவனை அனுப்பியவள் பாங்காக்கில் இருக்கும் சித்தப்பா மகள் ஷைலா. ரெபேக்காவின் அப்பா சிலுவைமுத்துவுக்கு வலிப்பு நோய். அவர் சாப்பிடும் மாத்திரை நான்கு மாதமாக யாங்கோன் கடைகளில் இல்லை. இருந்தாலும் அசலா போலியா என்று தெரியாது. ஷைலா இரண்டு மாதத்துக்கான மாத்திரையை வாங்கி, கொல்கத்தா போகிற வழியில் ஒன்றரை நாள் இங்கே இறங்கும் இந்தக் கோயம்புத்தூர்க்காரனிடம் கொடுத்துவிட்டிருந்தாள். பதிலுக்கு அவனுக்கு ஆற்றுக்கு அக்கரையிலுள்ள சிரியத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும். ரெபேக்கா முன்பு வெளிநாட்டுக்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவள். இப்போது ஓர் இரும்புக் கடையில் பில் எழுதுகிறாள். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"மாத்திரை?" என்றாள்.

"ரூம்ல பெரிய பேக்ல இருக்கு. சாயங்காலம் தர்றேன். எங்கயும் ஓடிற மாட்டேன்க்கா."

முந்தின நாள் அவன் அவள் வீட்டிலேயே தங்கலாமா என்றும் மெசேஜில் கேட்டிருந்தான். முடியாது என்று எழுதிவிட்டாள். வெளியாள் தங்கினால் வார்டு ஆபீசில் பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வீட்டைப் பார்க்க ஆள் வரும். மலேசியாவுக்குப் போய்விட்டதாக அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கும் இருபத்தாறு வயதுத் தம்பி பிலிப், பட்டாளத்துக்குப் பிடித்துப் போவார்கள் என்று ஏழு மாதமாக உள்ளறையில்தான் இருக்கிறான். இதையெல்லாம் முன்பின் தெரியாதவனுக்கு எழுத முடியுமா? "உங்க ஊர்ல விருந்தோம்பலே கிடையாதா?" என்று பதில் போட்டிருந்தான் அவன்.

ஆற்றுப் பாலம் தாண்டி சிரியத்துக்கு பஸ்ஸில் போனார்கள். இப்போது தன்லியின் என்று பெயர். நானூறு வருஷத்துக்கு முன்பு பத்துப் பன்னிரண்டு வருஷம் போர்த்துகீசியர் கையில் இருந்த துறைமுகம் அது. போர்த்துகீசியர் ஆண்ட ஊர்களை வரிசையாக வீடியோ எடுத்துப் போடுவதுதான் சுரேந்திரனின் வேலை. கோவா முடிந்தது, மலாக்கா முடிந்தது, இது மூன்றாவது. வழி முழுக்க அதையே பேசிக்கொண்டு வந்தான். பாலத்து முனையில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்றவர்களைப் பார்த்ததும் செல்போனைத் தூக்கினான். ரெபேக்கா அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"தம்பி, இங்க போன் எடுக்கப்படாது."

"வெளிய இருந்து பாக்குறவங்களுக்குத் தெரியவேணாமா?"

"பார்த்துட்டு அவங்க என்ன செய்வாங்க?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மேட்டின் மேல் பழைய மாதா கோயிலின் செங்கல் சுவர்கள் கூரையில்லாமல் நின்றன. "போர்ச்சுகீஸ் சர்ச்!" என்று கேமராவைப் பார்த்துக் கத்தினான். இதைக் கட்டியவர்கள் இத்தாலிச் சாமியார்கள், போர்த்துகீசியர் போய் நூறு வருஷத்துக்கு மேல் கழித்துக் கட்டியது என்று ரெபேக்கா சொன்னாள். "அதெல்லாம் யாரு கேக்கப்போறா?" என்றான். அங்கே இருந்த கல்லறைப் பலகை ஒன்றின் மேல் செருப்புக் காலோடு ஏறி நின்றான். அவள் இறங்கச் சொன்ன பிறகும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் இறங்கினான்.

அப்புறம் பையைத் திறந்து உள்ளங்கை அளவுக்கு ஒன்றை எடுத்தான். அது என்ன என்று அவள் புரிந்துகொள்வதற்குள் விர்ரென்று மேலே போய்விட்டது.

ஆகாயத்தில் இந்தச் சத்தம் கேட்டால் குண்டு விழும் என்று இந்த நாட்டில் ஜனங்கள் கட்டிலுக்கடியில் போய்ப் படுக்கிறார்கள். கீழே தேநீர்க் கடையில் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவன் எழுந்து நின்றான்.

"இறக்கு! இப்பவே இறக்கு!"

"இது டாய்க்கா. இருநூத்தம்பது கிராம்கூட இல்ல. பர்மிஷனே வேணாம்."

"எந்த ஊர்ல வேணாம்? இங்க டிரோன் வச்சிருந்தாலே ஜெயில். உனக்கு மட்டுமில்ல. கூட வந்த எனக்கும்."

மூன்று நிமிடம் கழித்துத்தான் இறக்கினான். அதை இங்கேயே எறிந்துவிட்டு வரச் சொன்னாள். கேட்கவில்லை. கெஞ்சினாள். "திரும்பும்போது பாலத்துல பையைத் திறந்து பாப்பாங்க தம்பி. வரும்போது விட்டாங்கன்னு திரும்பும்போதும் விட மாட்டாங்க."

"நான் இந்தியன். எம்பசி இருக்கு. நீங்க சும்மா பயப்படுறீங்க."

எனக்கு எந்த எம்பசி இருக்கிறது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். தன்னைப் பிடித்தால் வீட்டுக்கு வருவார்கள். வந்தால் உள்ளறையைத் திறப்பார்கள். அவளுக்கு வேறெதுவும் ஓடவில்லை.

மேட்டுக்குக் கீழே ஒரு கடையில் மொஹிங்கா வாங்கிக் கொடுத்தாள். மீன் குழம்பில் சேமியா மிதப்பதைப் பார்த்து அவன் மூக்கைச் சுளித்தான். பிறகு இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். கை கழுவப் பின்பக்கம் போனான். ரெபேக்கா அவன் பையைத் திறந்தாள். டிரோனையும் அதை இயக்கும் கருவியையும் எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு, கடைக்குப் பக்கவாட்டில் ஆகாயத்தாமரை மண்டிய குட்டைக்குப் போனாள். இரண்டும் சத்தமில்லாமல் முழுகின. திரும்பி வந்து பையை மூடிவைத்தாள்.

பாலத்தில் பஸ் நின்றது. எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். மீசை முளைக்காத ஒரு சிப்பாய் சுரேந்திரனின் பையைப் பலகையில் தலைகீழாகக் கொட்டினான். துணி, தண்ணீர் பாட்டில், சார்ஜர் விழுந்தன. டிரோன் இல்லாததைச் சுரேந்திரன் அப்போதுதான் கண்டான். முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. அவன் வாயைத் திறக்கும்போது ரெபேக்கா அவன் பாதத்தைக் குதிகாலால் அழுத்தி மிதித்தாள்.

கடைசியாகப் பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கறுப்பு இறக்கை விழுந்தது. டிரோனுக்கான உபரி இறக்கை. அது பையில் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"இது என்ன, அமா?" என்று சிப்பாய் பர்மியத்தில் கேட்டான். அமா என்றால் அக்கா.

"கையில பிடிக்கிற ஃபேன், சயா. றெக்கை உடைஞ்சு போச்சு. கரண்ட்டே இல்லாத ஊருக்கு வந்துட்டு, புழுங்குது புழுங்குதுன்னு காலையிலேர்ந்து ஒரே பாட்டு" என்று மரியாதையாகச் சயா போட்டு, பர்மியத்தில் சொல்லிச் சிரித்தாள். சிப்பாயும் சிரித்துவிட்டான். இறக்கையைப் பைக்குள் எறிந்து, போகச் சொன்னான்.

பஸ் நகர்ந்ததும் சுரேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு, "எங்க அது?" என்றான்.

"குட்டையில."

"திருட்டு நாயே!" என்றான். இரண்டு மூன்று தலைகள் திரும்பின. "அதுல மெமரி கார்டு இருந்துச்சு. மலாக்கா மொத்தமும் அதுலதான் இருந்துச்சு. பதினெட்டு நாள் வேலை!"

கார்டைப் பற்றி அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. ஒரு கணம் மனசு குத்தியது. "கார்டு இருக்கிறது எனக்குத் தெரியாது" என்றாள். "தெரிஞ்சிருந்தாலும் போட்டிருப்பேன்."

"அந்தப் பையன் என்ன பண்ணான்? பாத்துட்டு சிரிச்சான். அவ்வளவுதான். நீயா பயந்து நீயா கெடுத்த."

தான் என்ன சொன்னதால் அந்தப் பையன் சிரித்தான் என்று அவள் விளக்கப் போகவில்லை. விளக்கினாலும் அவன் நம்பியிருக்கமாட்டான்.

விடுதியில் அவன் மாடிக்குப் போய், மாத்திரைப் பொட்டலத்தோடு படிக்கட்டின் உச்சியில் வந்து நின்றான். "டிரோனைக் கொண்டு வா. இதைத் தர்றேன்."

"அது எங்க அப்பாவோட மருந்து."

"அது என்னோட பொழப்பு."

ரெபேக்கா ஒரு படி ஏறினாள். "அந்த றெக்கை இன்னும் உன் பையிலதான் இருக்கு. நாளைக்கு ஏர்போர்ட்ல மறுபடியும் கொட்டுவாங்க. அங்க ஃபேன்னு சொல்ல நான் இருக்க மாட்டேன்."

அவன் விழித்தான். அவளுடைய பர்மியப் பேச்சும் சிப்பாயின் சிரிப்பும் அவனுக்குள் ஒன்றோடொன்று சேர்வதை அவள் பார்த்தாள். நன்றி சொல்வானோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அவன் பொட்டலத்தை அவளை நோக்கி வீசினான். அது அவள் தோளில் பட்டுக் கீழே உருண்டது. மூன்று அட்டைகள் பிரிந்து படிகளில் சிதறின. விடுதிக்காரி பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எழுந்தபோது மாடிக் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

நான்காம் நாள் ஷைலா போன் செய்தாள். சுரேந்திரன் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்து, ரெபேக்கா என்ற வழிகாட்டி திருடி என்று ஊரெல்லாம் எழுதிவிட்டானாம்.

"ஒரு வார்த்தை அவன்கிட்ட கேட்டிருக்கப்படாதா அக்கா?"

"கேட்டேன். கெஞ்சினேன்."

"இனிமே யாரை நம்பி நான் மருந்து குடுத்துவிடுவேன்? எவன் வாங்கிட்டு வருவான்?"

உள்ளே பிலிப் அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும் கரண்டிச் சத்தம் கேட்டது. ரெபேக்கா போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வர்றவன் பையில என்னா இருக்குன்னு முதல்ல பாரு" என்றாள். "பார்த்துட்டு அனுப்பு. இல்லேன்னா அனுப்பாதே. நான் எல்லை தாண்டி வந்து நானே வாங்கிக்கிறேன்."

அப்பாவையும் பிலிப்பையும் விட்டுவிட்டு அது நடக்காத காரியம் என்று இருவருக்கும் தெரியும். ஷைலா போனை வைத்தாள்.