சனிக்கிழமைப் படங்கள்

ஜெர்லின் நேபாளத்திலிருந்து மரக்காணம் திரும்பியது 2006 மே மாதம். உப்பு வாரும் காலம். அப்பா பவுல்ராஜ் உப்பளத்தில் மேஸ்திரி. பஸ் ஸ்டாண்டுக்கு வர அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. தம்பி விக்டர் வந்து பையை வாங்கிக்கொண்டான்.

போவதற்கு முன் அவள் திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். சுனாமி வந்த பிறகு கடற்கரைக் குப்பத்து முகாமில் இரண்டு மாதம் ஊசி போட்டாள். அங்கே வந்திருந்த வெளியூர் மருத்துவக் குழுவில் ஒரு டாக்டரம்மா கேட்டார்: நேபாளத்தில் ஒரு மலையூரில் சின்ன சுகாதார நிலையம் நடத்துகிறோம், ஒரு வருடம் வருகிறாயா? சம்பளம் இல்லை, சாப்பாடும் தங்க இடமும் உண்டு. ஜெர்லினுக்கு அப்போது இருபத்தேழு வயது. வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டாள்.

பவுல்ராஜ் ஒப்பவில்லை. அந்த நாட்டில் சண்டை நடப்பதாக ரேடியோவில் கேட்டிருந்தார். பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து பேசினார். "சேவைக்குத்தானே போறா. தடுக்காதீங்க." அவர் சொன்ன பிறகு பவுல்ராஜால் மறுக்க முடியவில்லை. அதன் பின் ஒவ்வொரு ஞாயிறு பூசையிலும் மன்றாட்டில் அவள் பெயர் வந்தது: பனிமலையில் துன்பப்படும் மக்களோடு துன்பப்படும் எங்கள் மகள் ஜெர்லினுக்காக.

வந்த இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் ஆல்பத்தை எடுத்தாள். உடன் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் நர்ஸ் பிடித்து, கழுவிக் கொடுத்த முப்பத்தாறு படங்கள். அம்மா ஆரோக்கியம் மடியில் வைத்துக்கொண்டு திருப்பினாள். பவுல்ராஜ் பின்னால் நின்று பார்த்தார்.

முதல் படத்தில் ஜெர்லின் ஒரு பாறை மேல் நின்றுகொண்டிருந்தாள், பின்னால் வெள்ளை மலை. அடுத்ததில் தொங்கு பாலத்தின் நடுவில். பிறகு பத்துப் பன்னிரண்டு படங்கள் ஒரு வீட்டு முற்றத்தில். ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்து கேள்வியும் பதிலுமாகப் பாடுவது அந்த ஊர் வழக்கம். ஒரு படத்தில் ஜெர்லின் அந்த ஊர்ப் பெண்களைப் போலச் சிவப்புத் துணி சுற்றி, கழுத்தில் மத்தளம் போன்ற ஒன்றை மாட்டி அடித்துக்கொண்டிருந்தாள். வாய் முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் ஒரு ஆள் கையை ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தான்.

மீதியும் மலையும் பாட்டுமாகத்தான் இருந்தன. ஆல்பம் முடிந்தது.

"வேல செய்யற போட்டோ எங்க?" என்றார் பவுல்ராஜ்.

"அது எடுக்க மாட்டோம்பா. நோயாளிங்க எதிர்ல கேமரா புடிச்சா நல்லாவா இருக்கும்? இதெல்லாம் லீவு நாள்ல எடுத்தது. சனிக்கிழம சனிக்கிழம."

"ஞாயித்துக்கெழம?"

"அங்க ஞாயிறு வேல நாள். லீவு சனிக்கிழமதான்."

"அப்ப பூசைக்கி?" என்றாள் ஆரோக்கியம்.

"கோயிலுக்கு ரெண்டு நாள் நடக்கணும்மா. மொத்தமே ரெண்டு வாட்டிதான் போனேன். மத்த சனிக்கிழமெல்லாம் காலையில மல ஏறுவோம். சாயங்காலம் வந்து பாட்டு."

பவுல்ராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து மகளிடம் பேசவில்லை. கஞ்சி குடித்துவிட்டு விடியுமுன் உப்பளத்துக்குப் போவார், இருட்டியதும் வந்து படுப்பார்.

நான்காம் நாள் அம்மா சொன்னாள். "நீ போனதுலேர்ந்து வெள்ளிக்கெழமன்னா உங்கப்பா பகல்ல சாப்புடறதில்ல. பச்சத்தண்ணிதான். இந்த வெயில்ல உப்பு மேல நின்னுக்கினு. ரெண்டு வாட்டி மயக்கமா உக்காந்துட்டாராம், விக்டர்தான் சொன்னான். 'அது அங்க குளுர்ல இன்னா பாடு படுதோ'ன்னுவாரு. நீ இன்னாடான்னா மோளம் அடிச்சிக்கினு இருந்திருக்கிற."

ஜெர்லினுக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார் இவரைப் பட்டினி கிடக்கச் சொன்னது? பிறகு, வெயிலில் அவர் உட்கார்ந்துபோனதை நினைத்தாள். துணி துவைக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலை ஒட்டிய மன்றத்தில் அவள் பேச வேண்டும் என்று பங்குச் சாமியார் ஏற்பாடு செய்திருந்தார். முன்கூட்டியே ஆல்பத்தை வாங்கிப் பார்த்தார். "நோயாளி ஒருத்தர்கூட இல்லியாம்மா?"

"இல்ல சாமி."

"அப்ப போட்டோ வேணாம். பட்ட கஷ்டத்த மட்டும் சொல்லு. ஜனங்க தப்பா எடுத்துக்குவாங்க."

"பொய் ஒண்ணும் சொல்லலியே சாமி. ஆறு நாள் வேல செஞ்சேன், ஒரு நாள் சந்தோஷமா இருந்தேன். ரெண்டும் நடந்ததுதான்."

"நடந்தது சரி. எல்லாத்தையும் சொல்லணுமா?"

அவள் ஆல்பத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

மன்றத்தில் எழுபது பேர் இருந்தார்கள். ஜெர்லின் சுகாதார நிலையத்தைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்குள் எரியும் அடுப்பில் தவறி விழுந்த குழந்தைகள், முதுகில் கூடை கட்டித் தூக்கி வரப்பட்ட கர்ப்பிணிகள், கழுத்துக் கழலை வந்த பெண்கள். சுற்றி வளைக்காமல், மருத்துவமனைப் பதிவேட்டைப் படிப்பவள்போலச் சொன்னாள். கூட்டம் மரியாதையாகக் கேட்டது. சிலர் துண்டால் விசிறிக்கொண்டார்கள். பவுல்ராஜ் கடைசி வரிசையில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"கழுத்துல கழல ஏன் வருது?" என்று கேட்டாள் கமலாம்பாள். உப்பளத்தில் கூடை சுமக்கிறவள், இந்தக் கோயிலுக்கு வராதவள், ஜெர்லின் பேசுகிறாள் என்று கேட்க வந்தவள்.

"கடல் ரொம்பத் தூரம் அத்தே. மண்ணுல அயோடின் இல்ல. முன்னாடியெல்லாம் மலைக்கி அந்தாண்ட திபெத்துலேர்ந்து ஆட்டு முதுகுல உப்பு மூட்ட கட்டி எடுத்தாருவாங்களாம். அதுலயும் அந்தச் சத்து கெடையாது."

"ஆட்டு முதுகுலயா! ஒரு ஆடு எவ்ளோ தூக்கும்?"

கூட்டம் முதல் முறையாகச் சிரித்தது. எத்தனை ஆடு, மழை வந்தால் மூட்டை கரையாதா, அந்த உப்பு என்ன நிறம் என்று கேள்விகள் வந்தன. உப்பளக்காரர்கள் கேட்கிற கேள்விகள். தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள்.

"நீ அந்த மலையெல்லாம் ஏறினியா?" என்றாள் வேலம்மாள். அவளும் உப்பளத்துக் கூலிதான்.

ஜெர்லின் சாமியாரைப் பார்த்தாள். பிறகு, "ஏறினேன். வாரா வாரம் ஏறினேன். அதுக்காவே சனிக்கிழமைய எதிர்பாத்துக்கினு இருப்பேன்," என்றாள்.

"மூட்டு நோவாது?"

"மொத மாசம் நொந்துச்சி. அப்புறம் பழகிடுச்சி. மேல போனா பேச்சு வராது அத்தே. மூச்சுதான் வரும்."

பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து வேலம்மாளிடம் கொடுத்தாள். அது வரிசை வரிசையாகப் போயிற்று. யாரோ அந்த ஊர்ப் பாட்டைப் பாடச் சொன்னார்கள். ஆண் கேட்கும் அடியையும் பெண் சொல்லும் அடியையும் அவளே பாடினாள். சுமாரான குரல். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பவுல்ராஜ் வாசலில் உட்கார்ந்து குதிகால் வெடிப்பில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஜெர்லின் எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ சாப்பிடாம இருந்தது எனக்குத் தெரியாதுப்பா."

"தெரிஞ்சா இன்னா பண்ணியிருப்ப?"

"சாப்புடச் சொல்லியிருப்பேன்."

அவர் காலை மாற்றி வைத்தார். "வெள்ளிக்கெழம இன்னா செய்வ அங்க?" என்றார்.

"வெள்ளிக்கிழமதான் கூட்டம் அதிகம். சந்தைக்கி வர்ற சனமெல்லாம் அப்படியே எங்ககிட்ட வரும். காலையில நின்னா ராத்திரிதான் உக்காருவோம். ஒருநாள் மூணு பிரசவம்."

"மூணும் நல்லபடியா?"

"ரெண்டு நல்லபடியா."

பவுல்ராஜ் தலையாட்டினார். "அப்ப நான் பட்டினி இருந்தது வீணில்ல," என்றார். அது அவளிடம் சொன்னதா தனக்கே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆரோக்கியம் தூக்கில் சோறு கட்டிக் கொடுத்தாள். தூக்கு காலியாகத் திரும்பி வந்தது.

ஜூலையில் ஜெர்லினுக்குப் புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அக்டோபர் மழையில் பாத்திகளில் தண்ணீர் நின்று, உப்பளம் ஓய்ந்தது. அப்போது கமலாம்பாளும் வேலம்மாளும் வந்து நின்றார்கள்.

"எங்களையும் ஒரு மலைக்கி இட்டுக்கினு போயேன். கிட்டத்துல எதுனா."

செஞ்சிக்கோட்டை என்று முடிவாயிற்று. மழை விட்டிருந்த ஒரு புதன்கிழமை, ஜெர்லினுக்கு லீவு நாள், இரண்டு பஸ் மாறிப் போனார்கள். துணைக்கு ஆம்பளை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் பவுல்ராஜ் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்.

ராஜகிரியின் படிகள் ஈரமாக இருந்தன. பெண்கள் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்கள். பாதி வழியில் வேலம்மாள் உட்கார்ந்து, இனி முடியாது என்றாள். கமலாம்பாள் அவளைத் திட்டினாள். திட்டு முடிவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பாலம். பவுல்ராஜ் முன்னால் போய், திரும்பி நின்று கை நீட்டினார்.

மேலே காற்று சேலையை அடித்தது. நான்கு பேரும் மதில் ஓரம் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டார்கள். கீழே வயல்கள், ஏரிகள், எறும்பு மாதிரி பஸ். பெண்கள் ஒவ்வொரு ஊராக அடையாளம் சொல்லிப் பார்த்தார்கள், எதுவும் சரியாக இருந்திருக்காது. பவுல்ராஜ் தனியாக மதிலைச் சுற்றி வந்தார். பிறகு ஒரு பாறையில் கால் நீட்டி, முட்டியைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்தார்.

மூன்று மணிக்குக் காவலாளி விசில் ஊதினார். பெண்கள் பையை எடுத்துக்கொண்டார்கள்.

"அப்பா, எறங்கணும்."

அவர் எழுந்திருக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமான்னு கேட்டுப் பாரு," என்றார்.

ஜெர்லின் போய்க் கேட்டாள். பத்து நிமிஷம் என்றார் காவலாளி.