ஒரு சொட்டுகூட விழவில்லை

பழைய கார் சங்கத்தில் மொத்தம் ஏழு பேர். அதில் ஆறு பேர் தலைவர் பேசுவதைக் கேட்பதற்காகச் சேர்க்கப்பட்டவர்கள். அப்பேர்ப்பட்ட தலைவர் வீட்டுக் காரே நின்ற இடத்திலெல்லாம் எண்ணெய் ஒழுக்கினால் மானம் என்னாவது?

உண்மையில் கார் அவருடையதுகூட இல்லை, அப்பாவுடையது. அப்பா படுத்த படுக்கையாகி, இனி கேட்டதைக் கொடுங்கள் என்று மருத்துவர் சொல்லியாகிவிட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அந்தக் காரில் கடற்கரை வரை ஒரு தடவை.

ஒழுகினால் ஒழுகட்டும், வழியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே போகலாம் என்றாள் தங்கை. அப்பா அத்தனை வருஷமும் அப்படித்தான் ஓட்டினார். தலைவர் மசியவில்லை. வழியனுப்ப சங்கமே வரப்போகிறது.

காருக்கு அடியில் படுத்து, எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, கசிவை அடைக்கப் புது பேக்கிங் வைத்தார். அதன்மேல் மெல்லிசாகத் தடவ வேண்டிய பேஸ்டை, கேக்குக்குக் கிரீம் பூசுவதுபோல் அப்பினார்.

"கொஞ்சமா தடவுண்ணா. உள்ள பிதுங்கிடப் போகுது."

பேஸ்டின் வேதியியல் பற்றி ஒரு சொற்பொழிவு வந்தது. அவளுக்குத் தெரிந்தது, வெளியே நீட்டியிருந்த இரண்டு கால்கள் மட்டும்தான்.

புறப்படும் நாளில் தரை பளிச்சென்று இருந்தது. சங்கத்தார் குனிந்து பார்த்துக் கைதட்டினார்கள். அப்பாவைத் தூக்கி வந்து, முன் சீட்டில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தார்கள். தங்கை பின்னால் ஏறிக்கொண்டாள்.

தெருமுனை தாண்டியதும் டாஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது.

"நிறுத்துடா," என்றார் அப்பா.

"பழைய வயருப்பா. அது அப்படித்தான் எரியும்."

கடைவீதி வரை எரிந்தது. பிறகு எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். ஒரு கிறீச். அவ்வளவுதான், இறுகிப்போய் நின்றுவிட்டது. தலைவருக்கு உடனே புரிந்தது. பிதுங்கிய பேஸ்ட் பிய்ந்து, எண்ணெய் உறிஞ்சும் வாயை அடைத்திருக்கிறது. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் எஞ்சின் வறண்டு செத்திருக்கிறது. கீழே குனிந்து பார்த்தார். தரையில் ஒரு சொட்டுகூட இல்லை.



அப்பா திட்டவில்லை. தன்னை ஸ்டீயரிங் பக்கம் மாற்றி உட்கார வைக்கச் சொன்னார். அண்ணனும் தங்கையும் பின்னால் நின்று தள்ளினார்கள். யார் கண்ணிலும் படுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமென்று தலைவர் மூச்சிரைக்கத் தள்ளினார். ஜன்னல் வழியே அப்பாவின் குரல் மெலிசாக வந்தது.

"மெதுவா தள்ளுடா. அதுக்குள்ள வீடு வந்துடும்."