கிழித்த தாள்களின் கணக்கு

மலினெஷ்டி என்ற சிற்றூரில் ஸ்மாரண்டா என்ற ஒன்பது வயதுச் சிறுமியின் வலது கை, மூன்றாம் வகுப்பின் இரண்டாம் பருவத்தில், பிப்ரவரி பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, மணிக்கட்டு வரைக்கும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. வலி ஒன்றும் இல்லை. கை இருந்தது. தொட்டால் சூடாக இருந்தது, பால் குவளையைப் பிடித்தது, சட்டைக்குப் பொத்தான் போட்டது. பார்க்க மட்டும் முடியவில்லை. அந்த வாரம் உருளைக்கிழங்கு விலை ஏறியிருந்ததால் ஊர்க்காரர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். மருத்துவர் அந்தக் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எதைப் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. வளரும் வயதில் இதெல்லாம் சகஜம் என்று சொல்லிக் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வகுப்பில் பேனா தானாக எழுதுவதைப் பிள்ளைகள் இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு மூன்றாம் நாள் மறந்துபோனார்கள்.

அவளுடைய அம்மா டோரீனாவால் மறக்க முடியவில்லை. டோரீனா ஊர்க்கோடியில் இருந்த சட்டைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்ப்பவள். ஒரு நாளைக்கு நானூறு சட்டைகள் அவள் மேசையைக் கடக்கும். தவறான தையல் எந்த மடிப்புக்குள் பதுங்கியிருந்தாலும் கண்டுபிடித்து, சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். இருபது வருஷத்தில் ஒரு பிசிறுகூட அவளை ஏமாற்றியதில்லை. அந்தக் கண்ணைச் சாயந்திரம் தொழிற்சாலையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது. அவள் அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஆரம்பம் ஒரு பூக்கிரீடம். அங்கே ஜூன் மாதம் பள்ளி முடியும் நாளில், முதல் பரிசு வாங்கும் பிள்ளையின் தலையில் டீச்சர் பூக்கிரீடம் வைப்பார். பரிசு பள்ளியுடையது, கிரீடம் வீட்டுடையது. கம்பி வளையத்தில் பூச்சுற்றிப் பெற்றவர்களே கொண்டுவர வேண்டும் என்பதால், யாருக்குப் பரிசு என்பது முன்னாலேயே ஜாடைமாடையாகக் கசிந்துவிடும். ஸ்மாரண்டா முதல் வகுப்பு முடித்த வருஷம், டீச்சர் ஒல்டேயா ரொட்டிக்கடை வரிசையில் நின்றபடி டோரீனாவைப் பார்த்துச் சிரித்தார். வெறும் சிரிப்புதான். டோரீனா அதையே சேதியாக எடுத்துக்கொண்டு மூன்று தோட்டம் ஏறி இறங்கி, வெள்ளைப் பியோனிப் பூக்களாகப் பார்த்துக் கிரீடம் கட்டினாள். விழாவில் ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். ஸ்மாரண்டாவுக்குக் கிடைத்தது கடைசியில் ஒரு பாராட்டுத் தாள். கிரீடத்தைக் காய்கறிப் பைக்குள் அமுக்கிக்கொண்டு பின் தெரு வழியாக வீட்டுக்கு நடந்த டோரீனாவை, அவளோடு வேலை பார்க்கும் மர்கியோலா வழியில் பார்த்துவிட்டாள். "வீணாக்காதடி, போற வழியில உன் மாமியார் கல்லறைல வெச்சிட்டுப் போ" என்றாள். மர்கியோலா கெட்டவள் இல்லை. வாய் அப்படி.

இரண்டாம் வகுப்பிலிருந்து டோரீனா தாள் கிழிக்க ஆரம்பித்தாள். ஒல்டேயா டீச்சர் சுத்தமான நோட்டுகளை வகுப்பு ஜன்னலில் அடுக்கிப் பெற்றோருக்குக் காட்டுவார். அந்த ஜன்னலில் மகளின் நோட்டும் இருக்க வேண்டும் என்று தாய் நினைத்தாள். ஒரு கூட்டல் பிசகினால் போதும், அந்தத் தாள் கிழிந்து அடுப்புக்குள் போகும். பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டே முழுப் பக்கத்தையும் திரும்ப எழுத வேண்டும். அதிலும் பிசகினால் அதுவும் அடுப்புக்குப் போகும். "தப்பு இல்லாததுதான் நோட்டு. மத்ததெல்லாம் குப்பை" என்பாள் டோரீனா. கோபமாகக்கூடச் சொல்ல மாட்டாள். உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொல்வாள். செப்டம்பரில் தடியாக வாங்கிய நோட்டு கிறிஸ்துமஸ் வரும்போது பன்னிரண்டு தாளாக இளைத்துப்போகும். ஜன்னலில் இடம் கிடைத்தது உண்மைதான். ஆனால் ஸ்மாரண்டா வேறொன்றைக் கற்றுக்கொண்டாள். நிச்சயமாகத் தெரியாத எதையும் எழுதக் கூடாது என்பதே அது. பாடப்புத்தகத்தில் கடினமான கணக்குகளுக்கு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். நட்சத்திரத்தைக் கண்டாலே அவள் பேனாவை மூடி வைத்துவிடுவாள். "எனக்கு அது வராதும்மா" என்பாள். முயற்சி பண்ணிப் பார்த்தாயா என்று யாரும் கேட்கவில்லை. முயன்றால் அடுப்புக்குத்தானே போகும்.

பிப்ரவரியில் கை போயிற்று. மார்ச் முதல் தேதி பிள்ளைகளுக்குச் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் கட்டுவது வழக்கம். டோரீனா ஒன்றுக்குப் பதினோரு நூல்களாக மகளின் மணிக்கட்டிலும் முழங்கையிலும் கட்டினாள், கை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. நூல்கள் காற்றில் நடந்து திரிந்தன. அந்த மாதக் கடைசியில் இடது கையும் கழுத்தும் போயின, ஏப்ரலில் கால்களும் காதுகளும். குல்லாய், கம்பளித் துண்டு, கையுறை எல்லாம் மாட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஒல்டேயா டீச்சர் பெயர் கூப்பிட்டால் துண்டுக்குள்ளிருந்து "இருக்கேன் டீச்சர்" என்று பதில் வரும், டீச்சர் வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். டோரீனா மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள், பாதிரியாரிடம் ஜெபம் வாங்கினாள், பீட்ரூட் சாறு கொடுத்தாள். குளிப்பாட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு விரல்களைத் தடவித் தடவி எண்ணுவாள். பத்து இருக்கும். கண்ணைத் திறந்தால் தண்ணீர் மட்டும் இருக்கும். அந்தத் தொட்டியின் ஓரத்தில் அவள் எத்தனை முறை அழுதாள் என்பதற்குக் கணக்கில்லை. அவள் கணவன் கோஸ்டெல் இத்தாலியில் கட்டட வேலைக்குப் போயிருந்தான், ஞாயிறுதோறும் போன் செய்வான். மகளிடம் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு, "குரல் கணீர்னுதானே இருக்கு. நீயா எதையாவது நெனச்சுப் பயப்படாத" என்பான்.

இவ்வளவுக்கும் நடுவில் அவள் தாள் கிழிப்பதை நிறுத்தவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். கொடுமை என்றால் இதுதான். பிள்ளை மறைய மறைய, நோட்டாவது பழுதில்லாமல் இருக்கட்டும் என்று இன்னும் கவனமாகக் கிழித்தாள்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம், ஒரு சாயந்திரம், நோட்டின் பின்பாதியில் ஒரு வகுத்தல் தவறாகிவிட்டது. டோரீனா அந்தத் தாளைப் பிடித்து இழுத்தாள். நடுவில் இரண்டு பின் அடித்த நோட்டு அது. பின்பாதியில் ஒரு தாளை இழுத்தால், முன்பாதியில் அதனோடு பிறந்த தாளும் கழன்றுவிடும். அப்படிக் கழன்று அவள் மடியில் விழுந்தது 'எங்கள் வீட்டு அடுப்பு' என்று ஸ்மாரண்டா எழுதிய கட்டுரை. அடியில் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று டீச்சர் எழுதியிருந்தார். முதல் வரி, 'எங்கள் வீட்டு அடுப்பு நான் எழுதியதை எல்லாம் படித்திருக்கிறது.' டோரீனா படித்துவிட்டு நிமிர்ந்தாள். அதுவரை எஞ்சியிருந்த முகமும் இல்லை. அழுகைச் சத்தமும் பாதியில் நின்றிருந்தது. நாற்காலியில் ஒரு நீலச் சட்டையும் பதினோரு நூல்களும் உட்கார்ந்திருந்தன. "ஸ்மாரண்டா, பேசுடா. அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசுடா" என்று அவள் அந்தச் சட்டையைக் கட்டிக்கொண்டாள். உள்ளே உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. குரல் இல்லை. எதனால் எது போயிற்று என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரிலேயே கூர்மையான கண்ணுக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது.

மறுநாள் வேலை மேசையில் அவள் வட்டம் போடாமலே சட்டைகளை அனுப்பினாள். எதிரே மர்கியோலா ஒரு காலரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். டோரீனா நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவள் தலை நிமிரவில்லை. பிறகு சொன்னாள்: "இருபது வருஷமா நீ வட்டம் போட்டு அனுப்புறதையெல்லாம் நான் என்ன அடுப்புலயாடி போட்டேன்? அந்த ஒரு தையலை மட்டும் பிரிச்சு மறுபடி போடறேன். இந்தா பாரு, பழைய ஊசி ஓட்டை. இது இருக்கறதாலதான் எவ்வளவு தள்ளிப் போடணும்னு எனக்கே தெரியுது. எரிச்சுட்டா எதை வெச்சுத் தைக்கிறது?" டோரீனா அந்தக் காலரை வாங்கி ஓட்டைகளை விரலால் தடவினாள். அனுமதி கேட்காமல் எழுந்து வீட்டுக்குப் போனாள்.

அடுப்புச் சாம்பலை அவள் முட்டைக்கோஸ் பாத்தியில் கொட்டியிருந்தாள். மண்ணைச் சல்லடையில் சலித்தாள், ஒரு எழுத்துகூடக் கிடைக்கவில்லை. அதன்பின் புது நோட்டு ஒன்றை எடுத்து, கிழித்த தவறுகளை எல்லாம் நினைவிலிருந்து எழுதத் தொடங்கினாள். ஏழெட்டு ஐம்பத்து நான்கு. டான்யூப் நதி வடக்கே ஓடுகிறது. அரை என்பது காலைவிடச் சின்னது. தவறை மறக்காதது அவள் தொழில். எந்த மாதம், அன்று வெளியே பனியா மழையா, பிள்ளை எந்தச் சட்டை போட்டிருந்தாள், எல்லாம் வந்தது. நான்கு நாள் சாயந்திரங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு தவறுகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே இடம் விட்டு, மேசையில் விரித்து வைத்தாள். ஒன்றும் திரும்பவில்லை. நீலச் சட்டை சுவரோரம் ஒதுங்கி நின்றது. பேனாவைக் கையருகே வைத்தால் கையுறை பின்னால் இழுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது கோஸ்டெல், "ஏன் அவகிட்ட குடுக்க மாட்டேங்குற? என்ன ஆச்சு, சொல்லித் தொலையேன்" என்று கத்தினான். டோரீனா ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு வந்து மேசையில் தலையை முட்டிக்கொண்டாள். பிள்ளை போய்விட்டாள், தானே தாள்தாளாக எரித்துவிட்டோம் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

தலை நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது பாடப்புத்தகம். மகள் தொடாமல் விட்ட நட்சத்திரக் கணக்கு. கோழியும் முயலுமாகத் தலை இருபது, கால் ஐம்பத்தாறு, எத்தனை கோழி எத்தனை முயல். டோரீனா எட்டாம் வகுப்போடு நின்றவள். வேறு செய்ய ஒன்றும் தோன்றாததால் பேனாவை எடுத்தாள். ஐம்பத்தாறை நான்கால் வகுத்துப் பதினான்கு முயல் என்றும், மீதி ஆறு கோழி என்றும் எழுதினாள். சரிபார்த்தால் கால் அறுபத்தெட்டு வந்தது. அவள் கை தானாகத் தாளின் ஓரத்துக்குப் போயிற்று. அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். மற்றக் கையால் விடையின்மேல் ஒரே ஒரு கோடு இழுத்துவிட்டு, அடியில் பத்து முயல், பத்து கோழி என்று கோணல்மாணலாக எழுதினாள். அறுபது. "இதுவும் தப்பு. உங்கம்மாவுக்கு இது வரலடா. ஆனா முன்னைக்கு இப்ப கிட்ட வந்திருக்கு, பாரு" என்று காலி அறையைப் பார்த்துச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையுறை ஒன்று கழன்று தரையில் விழுந்தது. பேனா அவள் விரல்களிலிருந்து மெல்ல உருவப்பட்டது. அறுபதின்மேல் ஒரு கோடு விழுந்தது. அடியில் ஒன்பது முயல், பதினோரு கோழி, ஐம்பத்தெட்டு. தவறு. பேனா நின்றது, காத்திருந்தது. டோரீனா கையைத் தொடைக்கடியிலிருந்து எடுக்கவில்லை. தாள் கிழியாது என்று தெரிந்தபின் பேனா இன்னொரு கோடு இழுத்தது. எட்டு முயல், பன்னிரண்டு கோழி. ஐம்பத்தாறு. பேனாவைப் பிடித்திருந்த இரண்டு விரல்கள் தெரிந்தன. நகத்தில் மை இருந்தது. டோரீனா அந்த விரல்களை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மே மாதம் முழுக்க அவர்கள் அந்த இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கோடு இழுத்து, ஏன் தவறு என்று பேசி, அடியில் திரும்பப் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஏதாவது திரும்பி வந்தது. டான்யூப் நதிக்கு இடது முழங்கால். ஏழெட்டுக்குக் குரல். அது வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "பசிக்குது." கோஸ்டெல்லுக்குப் போனில் மகள் குரல் கேட்டது, சீஸ் வாங்கி வரட்டுமா என்று கேட்டான். ஜூன் விழாவில் ஸ்மாரண்டாவுக்குப் பரிசு இல்லை. டோரீனா வெறுங்கையோடு போய் எல்லாப் பிள்ளைகளுக்கும் கைதட்டினாள். மகளின் நோட்டு ஜன்னலில் இல்லை, அத்தனை கோடுகளோடு அதை அங்கே வைக்க முடியாது. இரண்டு வருஷம் கழித்து ஒல்டேயா டீச்சர் அந்த ஜன்னலில் பூத்தொட்டி வைத்துவிட்டார்.

எல்லாம் திரும்பவில்லை. இடது கையில் மோதிர விரல் வரவே இல்லை. எரித்தவை இருநூற்றுப் பதின்மூன்று. ஒன்று மட்டும் டோரீனாவுக்கு நினைவு வரவில்லை. ஸ்மாரண்டா அதைப் பொருட்படுத்தாமல் வளர்ந்தாள். கால்நடை மருத்துவப் படிப்பின் நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை தேறினாள். இருபத்தேழு வயதில் மாதா கோவிலில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. அங்கே கல்யாணத்தில் மணமக்களின் தலையில் பாதிரியார் கிரீடம் வைப்பது வழக்கம். வைத்தார். முதல் வரிசையில் இருந்த மர்கியோலா, "வந்துருச்சு பாருடி உன் கிரீடம்" என்று முழங்கையால் இடித்தாள். டோரீனா கிரீடத்தைப் பார்க்கவில்லை. மகளின் கையில், நடுவிரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே காற்றில் நின்ற மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிரியார் தடுமாறாமல் அதைப் போட்டிருந்தார், சனங்களும் அதை இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்து எல்லோரும் எழுந்து நின்ற பிறகும் அவள் உட்கார்ந்தே இருந்தாள். நினைவு வராத அந்த ஒரு தவறு கூட்டலா, கழித்தலா, அன்று மழை பெய்ததா, பிள்ளை எந்தச் சட்டை போட்டிருந்தாள் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.