மக்காச்சோளக் கொல்லையில் ஒரு சிடி

ஒரு சிடி பிளேயர் வாங்க இவ்வளவு யோசித்த ஆள் கச்சிராயபாளையத்திலேயே நான் ஒருவன்தான். ஆம்ப்ளிஃபயரும் ஆளுயர ஸ்பீக்கர்களும் வீட்டில் இருக்கின்றன. பழைய பிளேயர்தான் போன தையில் கண்ணை மூடிவிட்டது. மூன்று மாதமாகப் போனில் விமர்சனம் படித்துக்கொண்டிருந்தேன். கரும்பு வெட்ட ஆள் பிடிக்கக்கூட நான் இப்படி அலைந்ததில்லை.

எல்லாம் ஒரே ஒரு சிடிக்காக. என் மனைவி ஜெயசுதா கல்லூரியில் படித்தபோது ஒரு ஸ்டுடியோவில் பாடிப் பதிவு செய்த இரண்டு பாட்டுகள் அதில் இருக்கின்றன. கல்யாணமான புதிதில் எனக்குக் கொடுத்தாள். வேறு பிரதி கிடையாது. போனில் ஏற்றினால் குரல் தேய்ந்துவிடும் என்பது என் கட்சி. அதற்குப் பிறகு அவள் பாடவே இல்லை. கேட்டால், "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று எழுந்துவிடுவாள்.

கள்ளக்குறிச்சியில் ஆடியோ கடை வைத்திருக்கும் காசிநாதன் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பிளேயர்களைக் காரில் கொண்டுவந்தான். ஒன்று வெள்ளி நிறம். தூக்க இரண்டு பேர் வேண்டும். இன்னொன்று கறுப்பு, பாதி விலை.

"வெள்ளியில கேட்டீங்கன்னா, பாடுறவங்க மூச்சு வாங்குறதுகூட கேக்கும் சார். உங்க சிடி எதுனா குடுங்க, போட்டுப் பாத்துடலாம்."

அலமாரியைத் திறந்தேன். அந்த சிடியைக் காணோம்.

"சுதா, இங்க உறை இல்லாம நாலஞ்சு சிடி இருந்திச்சே?"

"நீங்கதான எடுத்துக்க சொன்னீங்க? சோளத்துல கிளி வுழுதுன்னு கேட்டேன். போனைப் பாத்துக்கினே, உறை இல்லாததெல்லாம் எடுத்துக்கோன்னீங்க. மினுக்குனா கிளி வராதேன்னு கொல்லையில கட்டிட்டேன்."

சொல்லியிருப்பேன். எந்தப் பிளேயர் உசத்தி என்று படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"உன் பாட்டும் அதுல இருந்திச்சே! பாக்கலையா?"

"பாத்தேன். நீங்க மிசினு தேடிக்கினே இருந்தீங்க. கிளிக்காவது ஆவட்டும்னு வுட்டேன்."

கோபம் தலைக்கேறியது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே காசிநாதன், மடிப்புக் கலையாத பேன்ட்டோடு வரப்பில் தடுமாறி வந்தான். குச்சிக்குக் குச்சி கட்டிய கயிற்றில் சிடிகள் வெயிலில் சுழன்றுகொண்டிருந்தன. 'சுதா' என்று எழுதியிருந்ததில் கிளி எச்சம். அதற்கு இரண்டடி தள்ளி ஒரு கிளி கொஞ்சமும் பயமில்லாமல் கதிரைத் தின்றுகொண்டிருந்தது.

வீட்டில் காசிநாதன் சிடியை ஈரத்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து, வெள்ளியில் போட்டான். அது விழுங்கியது, யோசித்தது, 'நோ டிஸ்க்' என்று வெளியே தள்ளியது. மூன்று முறையும் அதே கதை.

"ஒசந்த மிசினு சார். இதுக்கு அழுக்கு ஆவாது."

கறுப்பு கொஞ்சம் கரகரத்தது. பிறகு சுருதிப் பெட்டி கேட்டது. அதன்மேல் இருபது வயது ஜெயசுதாவின் குரல் எழுந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காசிநாதன் பார்க்கிறானே என்ற வெட்கம்கூட இல்லை.

முதல் பாட்டு முழுசாக ஓடியது. இரண்டாவது பாட்டில் சரணம் தொடங்கியதுமே மாட்டிக்கொண்டது. "முகிலே, முகிலே, முகிலே" என்று அங்கேயே நின்று கத்தியது. காசிநாதன் பொத்தானை அழுத்தக் கையை நீட்டினான்.

அதற்குள் அடுப்படி வாசலிலிருந்து அடுத்த வரி வந்தது. கையில் ஒட்டிய மாவோடு ஜெயசுதா பாடிக்கொண்டிருந்தாள். குரல் சற்றுக் கனத்திருந்தது. இடையிடையே அவள் மூச்சு வாங்குவதும் கேட்டது. நான் பிளேயரை நிறுத்தினேன்.

காசிநாதன் மெதுவாகக் கேட்டான்: "சார், அப்போ எதை வச்சிட்டுப் போவட்டும்?"

"யோவ், சும்மா இருய்யா. பாட்டு முடியட்டும்."

முடித்துவிட்டு அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கறுப்பே இருக்கட்டுங்க. அது எங்க நிக்குதோ, அங்கேர்ந்து நான் பாடிக்கிறேன்."